மூடிய நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து செந்நீர் வருகிறது: ஓடையையும் கிணறுகளையும் காப்பாற்ற என்ன வழி?

ஓடைக்கரை கேட்டது:

வணக்கம். மலைச்சரிவில் உள்ள ஒரு சிறு கிராமம். ஊருக்கு மேலே நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் ஒன்று மூடிக் கிடக்கிறது. பழைய சுரங்க வாயிலிருந்து வருடம் முழுக்கத் தண்ணீர் வருகிறது. அது ஓடையில் கலக்கும் இடத்திலிருந்து கீழே கல், மணல் எல்லாம் காவி நிறம். மீன் இல்லை, தவளை இல்லை. இன்னும் கீழே நல்ல தண்ணீர் ஓடை ஒன்று வந்து சேரும் இடத்தில், சுண்ணாம்பு பூசியது போல அடியில் வெள்ளையாகப் படிகிறது.

இதுவரை அளந்தவை:

சுரங்க வாய் நீர்: 20 லிட்டர் வாளி 20 விநாடியில் நிறைகிறது, அதாவது நிமிடத்துக்கு 60 லிட்டர். பிஎச் 3.2. லிட்டருக்கு இரும்பு 40 மி.கி., அலுமினியம் 8 மி.கி., மாங்கனீசு 3 மி.கி., சல்பேட் 600 மி.கி.

அதற்குக் கீழே இன்னொரு சிறு கசிவு: நிமிடத்துக்கு 20 லிட்டர், பார்க்கத் தெளிவு. பிஎச் 6.2, இரும்பு 30 மி.கி., காரத்தன்மை 110 மி.கி. இதை நல்ல தண்ணீர் என்று விட்டுவிடலாமா?

ஊரில் இரண்டு யோசனைகள் ஓடுகின்றன. ஒன்று, சுரங்க வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிடுவது. இரண்டு, வாரம் ஒரு மூட்டை சுண்ணாம்பை ஓடையில் கொட்டுவது. எது சரி? கிணற்று நீரிலும் எண்ணெய் போல ஒரு படலம் மிதக்கிறது. சுரங்கத்தில் விட்டுப்போன டீசலா என்று பலருக்குப் பயம்.

---

நீர்க்கணக்கு:

அளந்துவிட்டு வந்து கேட்டிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. உங்கள் எண்களிலிருந்தே பேசலாம்.

நிலக்கரியோடும் அதை ஒட்டிய கரும்பாறையோடும் பைரைட் என்ற இரும்பு சல்பைடு கலந்திருக்கும். மண்ணுக்குள் மூடிக் கிடக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. சுரங்கம் தோண்டியதும் காற்றும் நீரும் அதைத் தொடுகின்றன. கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகின்றன. அமிலம் கூடக்கூட இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் பெருகி இந்த வினையைப் பல மடங்கு விரைவாக்குகின்றன. அதனால்தான் வெட்டு நின்று எத்தனையோ வருடம் கழித்தும் நீர் மாறுவதில்லை.

படிவின் நிறமே பாதிக் கதையைச் சொல்லும். காவி என்றால் இரும்பு. வெள்ளை என்றால் அலுமினியம்: அமில நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் வரும், நல்ல ஓடை கலந்து பிஎச் 5 பக்கம் ஏறியதும் வெள்ளையாக விழும். மீனின் செவுளை அடைப்பதில் இதுதான் மோசமானது. ஆகவே அந்த வெள்ளை இடத்தை ஓடை தேறிவருவதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கருப்புப் படிவு மாங்கனீசு. அது பிஎச் நன்றாக உயர்ந்து, இரும்பும் நீங்கிய பிறகு கடைசியில்தான் விழும். கண்ணாடி போலத் தெளிந்து, பாசிகூட இல்லாத ஓடையைக் கண்டால் இன்னும் எச்சரிக்கை தேவை.

அடுத்து முக்கியமானது. பிஎச் மட்டும் பார்த்து எதையும் கட்டாதீர்கள். அமிலம் பிஎச்சில் பாதிகூடத் தெரியாது. மீதி கரைந்த உலோகங்களுக்குள் ஒளிந்திருக்கும். இரும்பு படியும்போது அது வெளியே வரும். மொத்த அமிலத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் கணக்கில், அதாவது அதை முறிக்க எவ்வளவு கால்சியம் கார்பனேட் வேண்டும் என்ற கணக்கில், இப்படிப் போடலாம்:

இரும்பு மி.கி. × 1.79 (கரைந்த இரும்பு பெரும்பாலும் ஃபெரஸ் வடிவில், அதாவது இன்னும் ஆக்சிஜனேறாத வடிவில், இருந்தால்)
அலுமினியம் மி.கி. × 5.56
மாங்கனீசு மி.கி. × 1.82
பிஎச்சுக்கு உரிய பங்கு: பிஎச் 3.2 என்றால் சுமார் 31.5

உங்கள் சுரங்க வாய்க்கு: 71.6 + 44.5 + 5.5 + 31.5, ஏறத்தாழ லிட்டருக்கு 153 மி.கி. இதில் பிஎச்சின் பங்கு ஐந்தில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

ஒரு நாள் சுமை = நிமிட லிட்டர் × மி.கி. × 1.44. விடை கிராமில் வரும். 60 × 153 × 1.44, அதாவது நாளுக்கு 13.2 கிலோ அமிலம். இரும்பு மட்டும் நாளுக்கு 3.46 கிலோ.

இப்போது அந்தத் தெளிந்த கசிவு. இரும்பு 30 × 1.79 = 54. பிஎச் 6.2ல் மற்ற பங்கு புறக்கணிக்கத் தக்கது. காரத்தன்மை 110. மிச்சம் 56 காரம். எனவே அது நிகரக் காரநீர். காற்றுப் பட்டாலே இரும்பு படிந்துவிடும், பிஎச் விழாது. இதே நீரில் காரத்தன்மை 40 என்று வந்திருந்தால் கதையே வேறு: வெளியே வரும்போது 6.2 காட்டி, இருநூறு மீட்டர் ஓடியதும் அமிலமாகியிருக்கும்.

வீட்டிலேயே சரிபார்க்க ஒரு வழி. அகன்ற வாய்ப் பாத்திரத்தில் நீரைப் பிடித்து, அடிக்கடி நன்றாகக் கலக்கி, இரண்டு நாள் திறந்து வையுங்கள். காவி படிந்து முடிந்ததும் பிஎச் பாருங்கள். 6க்கு மேலேயே நின்றால் நிகரக் காரம். 4க்குக் கீழே விழுந்தால் நிகர அமிலம்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். பிஎச்சையும் காரத்தன்மையையும் அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். பாட்டிலில் கொண்டுபோகும் வழியிலேயே மாறிவிடும். ஆய்வகத்துக்கு இரண்டு பாட்டில்கள்: ஒன்று காற்றுக்குமிழ் இல்லாமல் விளிம்புவரை நிரப்பியது, இன்னொன்று 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து நைட்ரிக் அமிலம் சேர்த்தது, இது கரைந்த உலோகத்துக்கு. வடிக்காமல் அமிலம் சேர்த்தால், மிதந்துகொண்டிருந்த காவித்தூளும் கரைந்து இரும்பு அதிகமாகக் காட்டும்.

ஒரே ஒருநாள் அளவை வைத்துக் குளம் வெட்டக்கூடாது. குறைந்தது பன்னிரண்டு மாதம், மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். ஓட்டம் கூடினால் வாளி உதவாது. பலகையில் 90 பாகை வி வடிவ வெட்டு போட்டுக் குறுக்கே நிறுத்துங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 5 செ.மீ. நின்றால் நிமிடத்துக்கு 46 லிட்டர்; 10 செ.மீ. என்றால் 262 லிட்டர். உயரத்தைப் பலகையை ஒட்டி அளக்காமல், அந்த உயரத்தின் நான்கு மடங்கு தூரம் மேலே போய் அளக்க வேண்டும். பலகை அருகே நீர்மட்டம் சரிந்துவிடும்.

---

சுரங்கவாய்:

வாயை அடைக்கும் யோசனையைத் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

சுரங்கத்துக்குள் வரும் நீர் மழைநீர். வாயை அடைத்தால் வரத்து நிற்காது, உள்ளே மட்டம் ஏறும். ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் அடைப்பின் மேல் சாயும். கான்கிரீட் தாங்கினாலும் அதைச் சுற்றியுள்ள உடைந்த பாறை தாங்காது. நீர் வேறு இடம் தேடும்: பழைய காற்றுக்குழி, யாருக்கும் நினைவில்லாத இரண்டாவது வாய், வீட்டின் அடித்தளம், கிணறு. அல்லது ஒரே நாளில் எல்லாம் உடைத்துக்கொண்டு வரும். 2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோவில் கோல்டு கிங் சுரங்க வாயில் வேலை நடந்தபோது, உள்ளே தேங்கியிருந்த நீர் வெடித்து 30 லட்சம் கேலன் காவிநீர் அனிமாஸ் ஆற்றில் இறங்கியது. அது தங்கச் சுரங்கம், ஆனாலும் அடைபட்ட நீரின் குணம் எங்கும் ஒன்றுதான்.

வாயில் ஏற்கெனவே மண் சரிந்து, நீர் அதனடியில் கசிந்து வந்தால் அதையும் அடைப்பு என்றே எண்ணுங்கள். மண்வெட்டியால் அந்தச் சரிவைத் தோண்டித் திறக்க முயல வேண்டாம். பின்னால் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை மேலிருந்து துளையிட்டு மட்டம் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். அது சுரங்கப் பொறியாளர் வேலை. முறையாகச் செய்யும் மூடல் வேறுவகை: ஆளும் காற்றும் உள்ளே போகாமல் சுவர், அதனடியில் நீர் மட்டும் வெளியேற வளைகுழாய். நீர் தேங்காது, அழுத்தம் ஏறாது.

வாய்க்கு அருகில் மாதிரி எடுப்பவர் உள்ளே ஓரடிகூடப் போகக்கூடாது. உள்ளே இருக்கும் நிலக்கரியும் பைரைட்டும் உயிர்வாயுவை உறிஞ்சிவிடுகின்றன. மிஞ்சுவது நைட்ரஜனும் கரியமில வாயுவும். மணமில்லை, எச்சரிக்கையில்லை, ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காற்றழுத்தம் விழும் நாள்களில், மழை புயலுக்கு முன், சுரங்கம் இந்தக் காற்றை வெளியே விடும். நேற்று பிரச்சினையில்லாமல் நின்ற இடத்தில் இன்று நிற்க முடியாமல் போவது இதனால்தான். இருவராகப் போங்கள், இடுப்பில் உயிர்வாயு அளக்கும் கருவி வேண்டும். இயல்பு 20.9 விழுக்காடு, 19.5க்குக் கீழே போனால் உடனே திரும்ப வேண்டும்.

இன்னொன்று. சுரங்கம் மூடி எவ்வளவு காலம், நீர் வெளியே வரத் தொடங்கி எவ்வளவு காலம் என்று விசாரித்து எழுதுங்கள். பம்பு நின்றதும் வெற்றிடம் நிரம்ப வருடங்கள் ஆகும். அதுவரை சுவர்களில் சேர்ந்திருந்த உப்புகள் எல்லாம் முதல் வெள்ளத்தில் கரைந்து வரும். தெற்கு வேல்ஸில் பிளேனன்ட் சுரங்கம் 1990ல் மூடப்பட்டது. 1993ல் பக்கத்திலிருந்த பழைய இனிசார்வெட் சுரங்க வாயிலிருந்து இரும்புநீர் பாய்ந்து நீத் கால்வாயைக் காவியாக்கியது. வேறொரு சுரங்கத்தின் வாய் வழியாக வந்தது என்பதைக் கவனியுங்கள்; பழைய வரைபடங்களைத் தேடச் சொல்வது இதற்காகத்தான். முதல் வெள்ளத்தின் கடுமை பொதுவாக, சுரங்கம் நிரம்ப எடுத்த காலத்தைப் போல நான்கு மடங்கு காலத்தில் தணியும். அதற்குப் பிறகு நிற்கும் அளவு பல பத்தாண்டுகள் தொடரும். நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் குளத்தின் அளவு.

---

ஓடைக்கரை:

மிக்க நன்றி. அடைக்கும் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டோம். சுண்ணாம்பு? மூட்டைச் சுண்ணாம்பு வேண்டாம் என்றால், சுண்ணாம்புக்கல் ஜல்லியை ஓடையில் பரப்பினால் போதுமா?

---

குட்டைவேலை:

முதலில் மூட்டைக் கணக்கு. நாளுக்கு 13.2 கிலோ அமிலத்துக்கு நீர்த்த சுண்ணாம்பு 13.2 × 0.74, அதாவது 9.8 கிலோ வேண்டும். தினமும். வருடத்துக்கு 3.6 டன். வாரம் ஒரு மூட்டையை ஒரே மூச்சில் கொட்டினால் ஒரு மணி நேரம் பிஎச் 11க்குப் போகும், இருக்கிற புழுபூச்சியும் சாகும், அப்புறம் வாரம் முழுக்கப் பழைய 3.2. சுண்ணாம்பு போடுவதென்றால் சொட்டுச்சொட்டாக, ஓட்டத்துக்கு ஏற்பக் கருவி போட வேண்டும். பின்னால் வண்டல் குளமும் வேண்டும். அதைக் கவனிக்க ஆள் இல்லாத ஊருக்கு அது ஒத்துவராது. கையாளும்போது கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓடையில் கல் பரப்புவது: காற்றுப்பட்ட இரும்புநீரில் கல்லின் மேல் காவித் தோல் பிடிக்கும். தோல் பிடித்த கல் புதுக்கல்லின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதிவரைதான் கரையும். அதைவிட மோசம், கற்களின் இடுக்கை வண்டல் அடைத்து நீர் மேலாக வழிந்து ஓடிவிடும். சரிவு 10 விழுக்காட்டுக்கு மேல், முடிந்தால் 20, இருந்தால் நீர் வண்டலைத் தானே அடித்துக்கொண்டு போகும். அப்படிப்பட்ட வாய்க்காலில் பெரிய கல் பரப்புவது நல்ல துணை. சமதளத்தில் வீண்.

நிலத்தடியில் காற்றுப்படாமல் கல்வாய்க்கால் போடும் முறையும் உண்டு. அதற்குக் கரைந்த உயிர்வாயு, ஃபெரிக் இரும்பு (ஆக்சிஜனேறிய வடிவம்), அலுமினியம் மூன்றும் லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் நீரில் அலுமினியம் 8. சில மாதங்களில் வெள்ளைக் கூழ் இடுக்குகளை அடைத்துவிடும். ஆகவே அதுவும் இல்லை.

உங்கள் சுரங்க வாய்க்குப் பொருந்துவது மேலிருந்து கீழ் இறங்கும் குட்டை. அடுக்குகள் கீழிருந்து மேலே:

1. களிமண் மெத்தி இடித்த அடி, அல்லது கனத்த பிளாஸ்டிக் விரிப்பு.
2. துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்கள், 10 செ.மீ. விட்டத்துக்குக் குறையாமல். இரும்புக் குழாய் அரித்துப்போகும்.
3. சுண்ணாம்புக்கல் 60 முதல் 90 செ.மீ. கால்சியம் கார்பனேட் 90 விழுக்காட்டுக்கு மேல். கல் 4 முதல் 10 செ.மீ. அளவு, தூள் கழுவியது. டோலமைட் (மக்னீசியம் சேர்ந்த கார்பனேட்) கலந்த கல் வேண்டாம், மிக மெதுவாகக் கரையும்.
4. மக்கிய உரம் 15 முதல் 30 செ.மீ.
5. அதன்மேல் நிற்கும் நீர் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர்.

நீர் உரத்தின் வழியாக இறங்கும்போது உயிர்வாயு தீர்ந்துபோகிறது, ஃபெரிக் இரும்பு ஃபெரஸாக மாறுகிறது. கல்லை அடையும்போது காவித் தோல் பிடிக்காது. உரத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டிலிருந்தும் கொஞ்சம் காரம் தரும். அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

அளவு இரண்டு வழியில் போட்டு எது பெரிதோ அதை எடுக்க வேண்டும்.

முதல் வழி, நேரம். நீர் கல்லோடு 15 மணி நேரம் இருக்க வேண்டும். 60 லிட்டர் × 60 × 15 = 54 கன மீட்டர். கல்லிடை வெற்றிடம் 45 விழுக்காடு என்றால் 120 கன மீட்டர் கல், சுமார் 180 டன். இருபது வருடம் கரைவதற்கு வருடம் 4.8 டன் வீதம் 97, தூய்மை 90 விழுக்காடு என்பதால் 107 டன். கூட்டினால் 287 டன், 90 செ.மீ. ஆழத்தில் 213 சதுர மீட்டர்.

இரண்டாவது வழி, பரப்பு. ஒரு சதுர மீட்டர் உரப்பரப்பு நாளுக்கு 25 முதல் 30 கிராம் அமிலத்தைத்தான் நம்பகமாகத் தாங்கும். 13,200 ÷ 30 = 440 சதுர மீட்டர்.

ஆக 440. அந்தப் பரப்பில் 90 செ.மீ. கல் என்றால் கிட்டத்தட்ட 600 டன். கல்லைக் குறைக்க 60 செ.மீ. போடலாம், 400 டன் ஆகும், அதுவும் முதல் கணக்கைத் தாண்டுகிறது. பரப்பை மட்டும் குறைக்காதீர்கள். இவ்வகைக் குட்டைகள் தோற்பதற்கு முதல் காரணம் அதுதான். கல் தீர்ந்து தோற்பது அரிது, மேற்பரப்பு அடைத்துத் தோற்பதே வழக்கம்.

குட்டையிலிருந்து வெளிவரும் நீர் படிகளில் விழுந்து காற்று வாங்க வேண்டும். காற்று நிறைந்த நீர் ஒரு முறைக்கு லிட்டருக்குச் சுமார் 50 மி.கி. இரும்பைத்தான் ஆக்சிஜனேற்றும், உங்கள் 40க்கு ஒரு படிவரிசை கணக்கில் போதும், இரண்டு போட்டால் நிம்மதி. அடுத்து வண்டல் குளம்: 48 மணி நேரத்துக்கு 173 கன மீட்டர், வண்டலுக்குத் தனி இடம். நாளுக்கு 3.46 கிலோ இரும்பு உலர்ந்த காவியாக 6.6 கிலோ, வருடம் 2.4 டன். அது கூழாக, 5 விழுக்காடு திடப்பொருளோடு கிடக்கும், அதாவது வருடத்துக்கு 48 கன மீட்டர். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அள்ளுவதென்றால் மொத்தம் 410 கன மீட்டர் குளம். கடைசியில் 10 முதல் 30 செ.மீ. ஆழத்தில் சம்பும் நாணலும் வளரும் ஈரநிலம். மிச்சக் காவியை அது வடிக்கும்.

ஆனால் முதலில் இதைத் தொடாதீர்கள். அந்தத் தெளிந்த கசிவிலிருந்து ஆரம்பியுங்கள். நாளுக்கு 864 கிராம் இரும்பு. நிகரக் காரநீருக்குச் சதுர மீட்டருக்கு நாளுக்கு 10 கிராம் என்று வைத்தால் 86 சதுர மீட்டர் குளமும் ஈரநிலமும் போதும். கல்லும் உரமும் தேவையில்லை. சில மாதங்களில் பலன் தெரியும், ஊரும் நம்பும். அந்த நீரைச் சுரங்க வாய் நீரோடு கலந்து அமிலத்தை முறிக்கலாமா என்று யாரேனும் கேட்பார்கள்: அதன் உபரிக் காரம் நாளுக்கு 1.6 கிலோ, எதிரே 13.2. பயனில்லை.

---

கிணற்றடி:

கிணறு பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை.

படலத்தை ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து தனித்தனியாக நின்றால் இரும்பு பாக்டீரியாவின் படலம். உடனே ஒன்றுசேர்ந்து மூடிக்கொண்டால் எண்ணெய். முதலாவது ஆபத்தில்லை, ஆனால் கிணற்றில் இரும்பு அதிகம் என்பதன் அடையாளம்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை: பிஎச், மின்கடத்துத்திறன், இரும்பு, மாங்கனீசு, அலுமினியம், சல்பேட், கடினத்தன்மை, ஆர்செனிக், ஈயம், நிக்கல். இரும்பு லிட்டருக்கு 0.3 மி.கி. தாண்டினால் சுவையும் கறையும் தொல்லை தரும். ஆனால் கண்ணில் படும் இரும்பைவிடக் கண்ணில் படாத மாங்கனீசும் ஆர்செனிக்கும்தான் உடம்புக்குக் கவலை: ஆர்செனிக்குக்கு உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு 0.01 மி.கி., மாங்கனீசுக்கு 0.08 மி.கி. சல்பேட் மிகுந்தால் வயிற்றுப்போக்கு. பால்புட்டிக் குழந்தைகளுக்கு அந்த நீரைக் கொடுக்கக்கூடாது.

மாதிரி இருமுறை எடுங்கள். இரவெல்லாம் நின்ற நீரின் முதல் ஒரு லிட்டர் ஒன்று. பத்து நிமிடம் ஓடவிட்ட பின் ஒன்று. முதலாவதில் ஈயமும் செம்பும் கூடுதலாக இருந்தால் அது வீட்டுக் குழாயிலிருந்து அமிலநீர் கரைத்தெடுத்தது. தொட்டியில் நீலப்பச்சைக் கறை தெரிந்தால் செம்புக்குழாய் அரிக்கிறது.

கொதிக்க வைப்பதால் இவற்றில் எதுவும் போகாது. நீர் ஆவியாகி உப்பு இன்னும் செறியும். குளோரின் கிருமிக்குத்தான்.

இரும்பு மட்டும் பிரச்சினையென்றால் வீட்டளவில் முடியும்: துளையிட்ட தட்டுகள் நான்கு, ஒவ்வொன்றும் 30 செ.மீ. இடைவெளியில், நீர் அவற்றில் சொட்டி இறங்கட்டும். பிறகு அரைமணி நேரம் தங்கும் தொட்டி, அதன்பின் 60 முதல் 75 செ.மீ. மணல் படுகை, மணல் 0.5 முதல் 1 மி.மீ. பிஎச் 6.5க்குக் கீழே இருந்தால் தட்டுகள் பயன் தராது, ஏனென்றால் பிஎச் ஒரு எண் குறைந்தால் இரும்பு ஆக்சிஜனேறும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். அப்போது தட்டுகளில் சுண்ணாம்புக்கல் சில்லுகளை வைத்துப் பிஎச்சை ஏற்ற வேண்டும், மாதம் ஒருமுறை கழுவி நிரப்ப வேண்டும். மணல் வழியே ஓட்டம் பாதியானால் பின்னோக்கி நீர் விட்டுக் கழுவுங்கள். சல்பேட்டுக்கு எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) கருவி தவிர வீட்டில் வழியில்லை. மாங்கனீசும் இந்தத் தட்டுக்கு மசியாது. அவை மிகுந்த கிணறு குளிக்க, துவைக்க இருக்கட்டும். குடிக்க வேறு நீர் கொண்டுவருவதே நேர்மையான தீர்வு.

தூர்வாரக் கிணற்றில் இறங்குவதைப் பற்றி, மேலே ‘சுரங்கவாய்’ கெட்ட காற்றைப் பற்றி எழுதியதெல்லாம் இங்கும் பொருந்தும். விளக்கை இறக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: சுரங்கத்திலிருந்து மீத்தேன் கசிந்திருந்தால் காற்றில் 5 முதல் 15 விழுக்காட்டுக்குள் அது வெடிக்கும். நான்கு வாயு காட்டும் கருவியைக் கயிற்றில் கட்டி மீட்டருக்கு மீட்டர் நிறுத்தி இறக்குங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்குகிறவர்தான் அடுத்த பலி. மேலிருந்தே கயிற்றில் இழுக்கும்படி முதலிலேயே கட்டியிருக்க வேண்டும்.

---

ஓடைக்கரை:

தெளிவாகிவிட்டது. தெளிந்த கசிவில் தொடங்கி, சுரங்க வாய்க்கு ஒரு வருடம் அளக்கப்போகிறோம். இரண்டு கடைசிக் கேள்விகள். வெட்டிய பிறகு பராமரிப்பு எவ்வளவு? அள்ளும் காவி வண்டலை என்ன செய்வது? கரைகட்டப் பழைய சுரங்கக் கழிவு மேட்டு மண்ணை எடுக்கலாமா?

---

குட்டைவேலை:

கழிவு மேட்டு மண் வேண்டவே வேண்டாம். அதிலும் பைரைட் இருக்கிறது. கிளறினால் புது அமிலம். இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் குவேக்கிங் ஹவுசஸ் என்ற சிறு சுரங்கக் கிராமத்து ஓடை கெட்டதே, சாலை போடுவதற்காகப் பழைய மாரிசன் பஸ்டி சுரங்கத்தின் கழிவு மேட்டைக் கலைத்ததால்தான். ஊர்மக்கள் விடாமல் கேட்டு, பல்கலைக்கழகத்தாரைச் சேர்த்துக்கொண்டு, மாட்டுச்சாணம், குதிரைச்சாணம், குப்பை உரம் கொண்டு 1997ல் ஈரநிலம் கட்டினார்கள். இவ்வகையில் ஐரோப்பாவுக்கு அது முன்னோடி. இங்கே சேர்க்கும் உரம் எதுவானாலும் சரி, நன்றாக மக்கியிருக்க வேண்டும். பொடியாக இருந்தால் நீர் இறங்காது, அதனால் கரடான வைக்கோல் அல்லது மரச்சில்லு கலக்க வேண்டும்.

பராமரிப்பு இப்படி. வாரம் ஒருமுறை ஒருவர் நடந்து பார்க்க வேண்டும்: நுழைவுக் குழாயில் இலை, எலிவளை, கரைக் கசிவு. மாதம் ஒருமுறை நுழைவிலும் வெளியேற்றத்திலும் பிஎச், காரத்தன்மை, ஓட்டம். மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிக்குழாயின் வெளியேற்று வால்வை முழுதாகத் திறந்து வேகமாக நீர் பாயவிட்டு அலுமினியக் கூழை அடித்து வெளியேற்றுங்கள். வருவது முதலில் வெள்ளையாக இருக்கும், தெளியும்வரை விடுங்கள், அதுவும் வண்டல் குளத்துக்கே போக வேண்டும், ஓடைக்கு அல்ல. உரத்துக்கு மேல் நீர்மட்டம் மெல்ல ஏறி, வெளியேற்றம் குறைந்தால் உரம் அடைக்கிறது. நீரை இறக்கி மேலே படிந்த காவிப்பாளத்தைச் சுரண்டி எடுத்தால் சில வருடம் தாங்கும். உரத்தை மாற்றுவது பிறகு. ஆனால் குட்டையை நாள்கணக்கில் காயவிடாதீர்கள். காய்ந்த உரத்தில் காற்றுப் புகுந்து, பிடித்து வைத்த சல்பைடெல்லாம் மறுபடி அமிலமாகும்.

தொடங்கிய முதல் சில வாரம் வெளியேறும் நீர் கருத்து, நாறும். உரத்தின் கழிவு அது. அப்போது ஓடையில் நேராக விடாமல் வண்டல் குளத்தில் நிறுத்துங்கள். பயந்து வேலையை நிறுத்த வேண்டாம்.

பெருமழைக்குத் தனிப் பக்கவாய்க்கால் கட்டாயம். இல்லையென்றால் ஒரே வெள்ளம் உரத்தைப் பிரட்டிப் போட்டுவிடும்.

---

நீர்க்கணக்கு:

வண்டல் பற்றி: முதலில் உலோக ஆய்வு செய்யுங்கள். ஆர்செனிக் முதலியவை குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் தூய இரும்புக் காவி. அமெரிக்காவின் ஒஹையோவில் சண்டே கிரீக் ஓடையில் இப்படி எடுக்கும் காவியை ஓவியர்களுக்கான வண்ணமாக்குகிறார்கள். சிறு ஊருக்கு அதற்கான அளவு சேராது. ஆனால் பாஸ்பேட்டை இது நன்றாகப் பிடிக்கும் என்பதால் கழிவுநீர் வடிகட்டும் படுகையில் போடலாம். இல்லையென்றால் குளத்தருகே தனிப் பள்ளத்தில் உலரவிட்டு, மழை படாமல் மூடிச் சேமியுங்கள். 5 விழுக்காடு கூழ் 30 விழுக்காடாக உலர்ந்தால் எடை ஆறில் ஒன்றாகிவிடும். ஏற்றிப்போகும் செலவும் அப்படியே குறையும். நஞ்சுள்ளதாக வந்தால் முறையான கொட்டுமிடத்துக்குத்தான்.

குளங்களைக் கண்ணில் படாத மூலையில் வேலிபோட்டு மறைக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். பென்சில்வேனியாவின் விண்டன்டேல் என்ற சிறு நிலக்கரி ஊரில் இந்தக் குளவரிசையையே ஊர்ப்பூங்காவாக அமைத்தார்கள். அமிலநீர் காவியிலிருந்து தெளிவுக்கு மாறும் அதே வரிசையில் இலை நிறம் மாறும் மரங்களை இருபுறமும் நட்டார்கள். மக்கள் நடக்கும் இடத்தில் குழாய் அடைத்தால் அன்றே யாரோ ஒருவர் பார்த்துச் சொல்வார். ஆழமான வண்டல் குளத்துக்கு மட்டும் வேலி வேண்டும்: மேலே கெட்டி மண் போலத் தெரியும் காவி, கால் வைத்தால் இடுப்புவரை உள்வாங்கும்.

பன்னிரண்டு மாத அளவுகள் கைக்கு வந்ததும் இங்கேயே போடுங்கள். மழைமாத ஓட்டம் 60ஐத் தாண்டி எவ்வளவு போகிறது என்பதைப் பார்த்துத்தான் 440 சதுர மீட்டர் போதுமா என்று சொல்ல முடியும்.